பாஸ் முன்னால் வாய்ப்பூட்டு

டெட்ராய்ட் நகரின் ஹைலண்ட் பார்க் பகுதியில், கைவிடப்பட்டது போன்ற ஒரு முகாம். அதற்கு அடியில் ஆயுதம் ஏந்தியவர்கள் காவல் காக்கும் தளங்கள். ஆடம் ஜென்சனாக ஆடுகிறவர் காற்றுக்குழாய்களில் தவழ்ந்து, கேமராவின் பார்வை மறுபக்கம் திரும்பும் நொடிக்காகக் காத்திருந்து, பூட்டுகளை ஹேக் செய்து, ஓர் உயிரைக்கூட எடுக்காமல் கீழே வந்து சேர்ந்திருக்கிறார். சேர்த்துவைத்த புள்ளிகளையெல்லாம் ஒளிவதற்கும் பூட்டு உடைப்பதற்கும் போட்டிருக்கிறார். பையில் மயக்க ஊசித் துப்பாக்கி இருக்கிறது. ஒரு கதவைத் திறக்கிறார். ஆட்டம் அவர் கையைவிட்டுப் போய், ஒரு காட்சி ஓடுகிறது. அது முடியும்போது அவர் ஒரு மூடிய கூடத்தில் நிற்கிறார். எதிரே லாரன்ஸ் பாரெட். அவனுடைய ஒரு கையே சுழல் இயந்திரத் துப்பாக்கியாக இருக்கிறது. அவனோடு பேச வழியில்லை, நழுவிப் போக வழியில்லை, மயக்கிக் கிடத்தவும் வழியில்லை. அவன் செத்தால்தான் கதவு திறக்கும்.

2011 ஆகஸ்டில் வெளிவந்த 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' கேமில் வரும் இடம் இது. யாரையும் கொல்லாமல் முழுக் கதையையும் முடிப்பவருக்கு அந்த கேம் அமைதிவாதி என்று ஒரு விருது தரும். அந்த விருதின் விவரத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி உண்டு: பாஸ் சண்டைகள் கணக்கில் சேரா. பாரெட்டைப் போல வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரிதான் பாஸ். ஆடுகிறவரின் தேர்வுகளை மையமாகக் கொண்ட, ஒரு வேடத்தை ஏற்று ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களுக்கும் பாஸ் சண்டைக்கும் உள்ள பிணக்கு முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடுகிறது. நாற்பது மணி நேரம் நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று கேம் எண்ணிக்கொண்டே வருகிறது. முக்கியமான நாலைந்து இடங்களில் மட்டும் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது.

(இனி வரும் பத்திகளில் பல கேம்களின் முடிவுகள் வெளிப்படும். ஆடி முடிக்காதவர்கள் தங்கள் பொறுப்பில் படிக்கலாம்.)

தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை நேர்கிறது. வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியும் 'பாஸ்'தான், பரீட்சையில் தேறுவதும் 'பாஸ்'தான். இரண்டுக்கும் ஒரே எழுத்து. தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல். பாஸ் சண்டையின் வேலையே பரீட்சை வைப்பது. அதுவரை கற்ற குதிப்பு, விலகல், அடி எல்லாம் கைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது. எல்லோருக்கும் ஒரே கைத்திறனைக் கற்பிக்கும் கேமில் இதில் சிக்கல் ஏதும் இல்லை. எல்லோரும் ஒரே பாடம் படித்தார்கள், எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்.

ரோல்-பிளேயிங் கேமில் பாடத்திட்டத்தை ஆடுகிறவரே எழுதுகிறார். ஆளுக்கொரு படிப்பு. ஒருவர் வாள் பயின்றார், ஒருவர் பூட்டுத் திறக்கப் பயின்றார், இன்னொருவர் எல்லாப் புள்ளியையும் நாவன்மையில் கொட்டினார். அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. வரலாறு படித்தவனைத் தேர்வு அறையில் உட்காரவைத்துக் கணக்கு வினாத்தாளைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஹைலண்ட் பார்க்கில் நடந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பாஸ் பிறந்ததே ரோல்-பிளேயிங் கேமில்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிளேட்டோ என்ற கணினி வலையமைப்பு இருந்தது. 1975 வாக்கில் சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி விசன்ஹண்ட், ரே வுட் ஆகியோர் அதில் 'டிஎன்டி' என்ற கேமை எழுதினார்கள். நிலவறையின் ஆழத்தில் ஒரு மந்திர உருண்டை, அதைக் காக்கும் தங்க டிராகன். வீடியோ கேமின் முதல் பாஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அந்த டிராகன்தான். ஆனால் அந்தக் காலத்து ரோல்-பிளேயிங்கில் வேடம் என்பது சண்டைக்கான எண்களின் தொகுப்பு. டிராகனிடம் பேசிப் பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றினாலும் கேட்பதற்கு விசை இல்லை. பிறகு இருபது ஆண்டுகளில் உரையாடல் வளர்ந்தது, கட்சி மாறும் வசதி வந்தது, ஒரே பூட்டைத் திறக்க நான்கு வழிகள் வந்தன. டிராகன் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஹியூமன் ரெவல்யூஷனுக்குத் திரும்புவோம். அங்கே பழுது எப்படி நுழைந்தது என்பது தெரிந்த கதை. கேமை உருவாக்கியது ஈடோஸ் மான்ட்ரியால். பாஸ் சண்டைகளை மட்டும் கிரிப் என்டர்டெயின்மென்ட் என்ற வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். கேம் வெளிவந்த சில வாரங்களில் ஒரு காணொளி பரவியது. அதில் அந்த நிறுவனத்தின் தலைவரே, தான் சுடும் கேம்களின் ஆள் என்றும், டியூஸ் எக்ஸ் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்றும் சிரித்தபடி சொல்லியிருந்தார். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கென்னவோ அந்த ஒப்பந்தக்காரரை மட்டும் குற்றம் சொல்வது சரியாகப் படவில்லை. கல்யாணச் சமையலில் சாம்பாரை மட்டும் வெளியே கொடுத்துவிட்டு, உப்புப் பார்க்காமல் பந்தியில் ஊற்றியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

வெளியே கொடுத்ததற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. பாஸ் என்பவன் செலவு பிடித்த பொருள். அவனுக்கென்று தனி உருவம், தனி அசைவுகள், தனி இசை, தனிக் குரல், தனிக் கூடம். சாதாரணக் காவலனை நூறு இடங்களில் நிறுத்தலாம், பாரெட்டை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். இவ்வளவு போட்டுச் செய்த ஒன்றை ஆடுகிறவர்களில் பாதிப்பேர் காற்றுக்குழாய் வழியாகத் தாண்டிப் போய்விட்டால், முதலாளியின் வயிறு எரியாதா? அதனால் கதவை அடைத்துவிடுகிறார்கள். பணம் போட்ட காட்சியை எல்லோரும் பார்த்தாக வேண்டும். தேர்வுகள் நிறைந்த கேம் என்பதற்கு, பலர் பார்க்காமல் போகப்போவதற்கும் பணம் போடுவது என்று பொருள். அந்தத் துணிச்சல் பாஸ் சண்டையின் வாசலில்தான் பெரும்பாலும் கரைகிறது.

அதே கேமிலேயே சரியான விடைகளும் இருந்தன, அதுதான் ஆற்றாமை. ஆரம்பக் கட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் சீக் சாண்டர்ஸ் என்பவன் ஒரு பெண்ணைப் பணயமாகப் பிடித்து நிற்கிறான். அவனோடு வாயால் மோதலாம். அவன் பேசுவதைக் கேட்டு, முகம் எப்படி இறுகுகிறது, எங்கே குரல் தளர்கிறது என்று பார்த்து, பரிவா அழுத்தமா என்று சுற்றுக்குச் சுற்று தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் உயிர் போகும். இது அசல் பாஸ் சண்டை. தோட்டா இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று: கதையின் நடுவில் ஜென்சனின் உடலில் உள்ள கருவிகள் கோளாறு செய்யும், மருத்துவ நிலையத்தில் புதிய சில்லு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வரும். வைத்துக்கொண்டவர்கள் யாரன் நமீர் என்ற மூன்றாவது பாஸ் முன்னால் போய் நிற்கும்போது, வேறொருத்தி, கதையின் வில்லி, ஒரு பொத்தானை அமுக்குகிறாள். உடலின் கருவிகள் எல்லாம் அணைந்துபோகின்றன. திரையே கலங்கித் தெரிகிறது. சில்லு வேண்டாம் என்று சந்தேகப்பட்டுக் கோளாறோடே காலம் தள்ளியவர்களிடம் அந்தப் பொத்தான் பலிக்காது. பல மணி நேரத்துக்கு முந்தைய ஒரு சின்ன முடிவு பாஸ் கூடத்துக்குள் வந்து கை கொடுக்கிறது, அல்லது காலை வாருகிறது. நமீரைக் கொன்றே ஆக வேண்டும் என்பது மாறவில்லை. ஆனாலும் அந்தச் சண்டையைப் பற்றிக் கோபத்தோடு பேசியவர்கள்கூட இந்த இடத்தைப் பாராட்டாமல் இருந்ததில்லை.

2013இல் வந்த திருத்தப் பதிப்பில் கூடங்களை விரிவாக்கினார்கள். ஹேக் செய்து எதிரிமேலேயே திருப்பிவிடக்கூடிய தானியங்கித் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஒளிகிறவனுக்கும் ஹேக் செய்கிறவனுக்கும் வேலை கிடைத்தது. கொல்லாமல் விடும் வழி அப்போதும் வரவில்லை.

இந்தத் தொடரின் முதல் கேமைத் தெரிந்தவர்களுக்குத்தான் வலி அதிகம். அயன் ஸ்டார்ம் உருவாக்கி 2000இல் வெளிவந்த டியூஸ் எக்ஸில் ஆனா நவார், குந்தர் ஹெர்மன் என்று பாதி மனிதர், பாதி இயந்திரமான இரண்டு சக அதிகாரிகள் பிறகு எதிரிகளாகிறார்கள். இருவரையும் துப்பாக்கியால் வெல்லலாம். ஆனால் அவர்களை உருவாக்கியவர்கள், கட்டுப்பாடு மீறினால் முடித்துவிட ஆளுக்கொரு இரகசியச் சொற்றொடரை உள்ளே பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனாவுக்கான சொற்றொடர் தலைமையகக் கணினிகளில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது; தேடுகிறவனுக்குக் கிடைக்கும். குந்தருக்கானது உங்கள் கைக்கு வருமா என்பது, நண்பரான மருத்துவரை முன்பு எங்கே இருக்கச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசியில் அவன் முன்னால் நின்று அந்தச் சொற்றொடரைச் சொன்னால், தான் இயந்திரம் இல்லை என்று மறுக்க ஆரம்பிக்கிறான். இயந்திரம் என்ற சொல் பாதி வாயில் இருக்கும்போதே வெடித்துப்போகிறான். ஒரு தோட்டா செலவில்லை. ஆனால் சுட்டுக் கொன்றிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. கேம் முழுக்க அவன் தன்னைப் பழைய இரும்பு என்று ஒதுக்குகிறார்கள் என்றே புலம்பிக்கொண்டிருந்தவன்.

பாஸைச் சண்டையில்லாமல் வெல்வதற்கு இலக்கணம் எழுதியது இன்னும் மூன்றாண்டு மூத்த ஒரு கேம். 1997இல் இன்டர்பிளே வெளியிட்ட 'ஃபால்அவுட்'. அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸ் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம், அதற்கு அடியில் ஒரு நிலவறைக் காப்பிடம். அங்கே மாஸ்டர் இருக்கிறான். இருக்கிறான் என்று ஒருமையில் சொல்வதே தப்போ என்னவோ. சதையும் கணினியும் சுவரும் ஒன்றாகக் கலந்துபோன உடல். ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஆண் குரல், பெண் குரல், இயந்திரக் குரல் என்று மாறி மாறிப் பேசுவான். மனிதர்களை எல்லாம் வைரஸ் தொட்டியில் முக்கி வலிமையான புதிய இனமாக மாற்றிவிட்டால் வேற்றுமையும் போரும் ஒழியும் என்பது அவன் திட்டம். அவன் பணத்தாசை பிடித்த வில்லன் இல்லை, கொள்கைக்காரன். அங்கேதான் பிடி இருக்கிறது.

அவனைச் சுட்டு வீழ்த்தலாம். அவன் இடத்துக்கு அடியிலேயே இருக்கும் அணுகுண்டை இயக்கிவிட்டு ஓடலாம். மூன்றாவது வழி, அவன் திட்டம் பலிக்காது என்று அவனுக்கே நிரூபிப்பது. அவன் உருவாக்கிய இனத்துக்குக் குழந்தை பிறக்காது. இது அவனுக்குத் தெரியாது. வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டான். ஆதாரம் வேண்டும். இரும்புச் சகோதரத்துவம் என்ற அமைப்பின் ஆய்வாளர் விரீ, அந்தப் புதிய இனத்தில் இறந்த ஒரு மியூட்டன்ட்டின் உடலை அறுத்துப் பார்த்து எழுதிவைத்த குறிப்பு ஒரு வட்டில் இருக்கிறது. அந்த அமைப்புக்குள் நுழைவதற்கே தனியாகப் பாடுபட வேண்டும், பிறகு விரீயிடம் பேச வேண்டும், பேசி வாங்கியதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டரிடம் போய் அதை நீட்டினால், அந்தக் குரல்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. தான் செய்ததெல்லாம் வீண் என்றால், அந்தக் கொடுமைகளுக்கெல்லாம் என்ன பொருள் என்ற இடத்துக்கு அவனே வந்து சேர்கிறான். உங்களைப் போகச் சொல்லிவிட்டுத் தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறான்.

இதை 'பேசிச் சமாளிப்பது' என்று சுருக்கிவிடுகிறார்கள். நடந்தது அதைவிடப் பெரியது. ஆயுதம் சேர்ப்பவன் ஊர் ஊராக அலைந்து கவசமும் துப்பாக்கியும் சேர்ப்பதைப் போல, பேசுகிறவன் அலைந்து ஓர் உண்மையைச் சேர்த்திருக்கிறான். பாடு இருவருக்கும் உண்டு, தோற்கும் வாய்ப்பும் இருவருக்கும் உண்டு. பாஸ் சண்டையைத் தவிர்க்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒரு கேமை மெச்சுவதும் திட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அதுவரை ஆடிய ஆட்டம் அந்த அறைக்குள் செல்லுபடியாகிறதா என்றே பார்க்க வேண்டும். செல்லுபடியானால், தவிர்க்கவே முடியாத சண்டைகூட நியாயமானதாகிவிடுகிறது.

அதற்கும் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மறு ஆண்டே வந்த 'ஃபால்அவுட் 2'இன் கடைசி எதிரி ஃபிராங்க் ஹாரிகன். கவசத்துக்குள் நிற்கும் ஒரு சதைமலை. எந்த நாவன்மையும் அவனிடம் எடுபடாது. அவனுக்கு யோசிக்கும் பழக்கமே கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் கடைசிச் சண்டை நடக்கும் எண்ணெய்த் தளத்தில் நிற்கும் சார்ஜன்ட் கிரானைட்டிடம் பேசி அவனையும் அவன் ஆட்களையும் உங்கள் பக்கம் சேர்க்கலாம். கணினியில் ஏறி அங்குள்ள தானியங்கித் துப்பாக்கிகளை ஹாரிகன் பக்கம் திருப்பலாம். பாஸ் பேச மறுக்கிறான், சரி. சுற்றியிருக்கும் உலகம் பேசுகிறது. எனக்கு மாஸ்டரைவிட ஹாரிகன் ஒரு படி கீழேதான். ஆனால் நாவன்மைக்காரனை வெறுங்கையோடு நிறுத்தவில்லை என்ற அளவில் கடமையைச் செய்திருக்கிறார்கள்.

டிராய்க்கா உருவாக்கி 2004இல் வெளிவந்த 'வாம்பயர்: பிளட்லைன்ஸ்' அதைக்கூடச் செய்யவில்லை. முன்பாதியில் மயக்கியும் மிரட்டியும் பேசியும் லாஸ் ஏஞ்சலஸை வலம் வந்த கதாபாத்திரம், பின்பாதியில் சாக்கடைகளிலும் கோபுரத்திலும் அடிதடிக்கு நடுவே திக்கற்று நிற்கும். அந்த கேமை உயிராக நேசிக்கிறவர்களே புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, ஏதாவது ஒரு சண்டைத் திறனில் கொஞ்சம் புள்ளி போட்டுவை என்பதுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லா பாஸுக்கும் ஒரு பேச்சு வழி வைத்துவிட்டால், பேச்சு என்பது எல்லாப் பூட்டையும் திறக்கும் கள்ளச்சாவியாகிவிடும். 2010இல் அப்சிடியன் உருவாக்கிய 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமின் கடைசியில், ஹூவர் அணையின் மறுகரையில் லீகேட் லானியஸ் முகமூடியோடு நிற்கிறான். அவனோடு வாதம் செய்யலாம். வாதம் உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டது: அணையைப் பிடிப்பது எளிது, பிடித்த பிறகு மேற்கை ஆள்வதுதான் கடினம், இவ்வளவு தூரம் நீண்ட படைக்குச் சோறும் ஆளும் எங்கிருந்து வரும் என்று போர்த் தளபதிக்குப் புரியும் மொழியில் நகர்கிறது. ஆனால் திரையில் தெரிவது என்ன? நான்கைந்து பதில்கள். அவற்றில் ஒன்றின் தலையில் பேச்சுத்திறன் 100 என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. திறன் இருப்பவருக்கு அது சரியான விடை என்பதும் அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. வாசிக்கக்கூட வேண்டாம், சீட்டு ஒட்டியதை அமுக்கிக்கொண்டே போனால் போதும். எழுத்தாளர் வாதம் எழுதினார், அமைப்பு அதைப் பொத்தானாக்கிவிட்டது. வணிகத் திறன் உள்ளவருக்கும் அங்கே ஒரு வழி வைத்திருப்பது அழகு. சரக்கும் பாதையும் தெரிந்தவன் படையெடுப்பின் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறான்.

2023இல் லேரியன் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இதே இடத்தில் பகடையை உருட்டுகிறது. பேச்சில் வல்லவனும் தோற்கலாம். தோற்றவுடன் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும் கை பலருக்கு உண்டு என்பது வேறு விஷயம். பகடையைவிட அதில் என்னைக் கவர்ந்தது ரைத்வின் என்ற சபிக்கப்பட்ட ஊரில் இருக்கும் தார்ம் குடும்பத்தார் மூவர். ஒருத்தி சுங்கம் வாங்கியே பொன்னாகிப்போனவள். ஒருவன் சாராயம் காய்ச்சுகிறவன். ஒருவன் அறுவை மருத்துவன். மூன்று பேரையும் வாளால் வெல்லலாம். பேசியும் வெல்லலாம், அவரவர் பித்தைப் புரிந்துகொண்டால். சாராயக்காரனோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும். அவன் கதை கேட்பான், சொல்ல வேண்டும். அவன் ஊற்றுவதைக் குடிக்க வேண்டும் அல்லது குடிப்பதுபோல் ஏய்க்க வேண்டும். கோப்பைமேல் கோப்பை போய், கடைசியில் அவன் வயிறே வெடிக்கிறது. மருத்துவனிடம் அவனுடைய தாதிகள் இன்னும் சரியாகக் கற்கவில்லை, உங்கள் உடலிலேயே பயிற்சி கொடுங்கள் என்று தூண்டினால், படுத்துக்கொள்கிறான். தாதிகள் கத்தியோடு நெருங்குகிறார்கள். அங்கே வெல்வதற்கு இவன் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண் மட்டும் போதாது.

ஆனால் அவர்கள் குடும்பத்தின் தலைவன் கெத்தரிக் தார்மிடம் வரும்போது லேரியனுக்கும் கை நடுங்கிவிட்டது. அவனையும் பேசி உடைக்கலாம், தன் உயிரைத் தானே விடும்படி செய்யலாம். விட்ட மறுகணம் சாவின் தெய்வமான மிர்குல் எலும்பும் அரிவாளுமாக எழுந்து நிற்கிறான். சண்டை போட்டே ஆக வேண்டும். இது பழைய தந்திரம். பயோவேர் உருவாக்கி 2007இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட்' கேமின் இறுதியில் சாரென் என்ற எதிரியிடம் அவன் அடிமையாகிவிட்டான் என்பதை உணர்த்தினால், துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்துச் சுட்டுக்கொள்வான். மயிர்க்கூச்செறியும் காட்சி. அடுத்த நிமிடம் சாவரின் என்ற எந்திரக் கப்பல் அந்தப் பிணத்தை உலுக்கி எழுப்பிச் சண்டைக்கு அனுப்பும். பேசியவனுக்குக் காட்சியையும், காசு போட்டவனுக்குச் சண்டையையும் கொடுக்கும் சமரசம். சாரெனைப் பேச்சால் மீட்டதற்குப் பலன் ஒரு கட்டச் சண்டை குறைந்ததுதான். பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே மூலையில் வந்து நின்றதைப் பார்த்தால், இது சோம்பல் இல்லை, பயம் என்று தோன்றுகிறது. உச்சக்கட்டம் என்றால் திரை அதிர வேண்டும் என்ற பயம்.

பயோவேரே 2010இல் அந்தப் பயத்தைத் தாண்டியும் காட்டியது. 'மாஸ் எஃபெக்ட் 2'இன் இறுதியில் வரும் பாஸ் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பெரிய எலும்புக்கூடு, சுட வேண்டிய இடங்கள் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். நினைவில் நிற்பது அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். காற்றுக்குழாய்க்குள் யாரை அனுப்புவது, இரண்டாவது குழுவுக்கு யார் தலைவர், மீட்டவர்களோடு யார் திரும்பிப்போவது என்று கேட்டுக்கொண்டே வருகிறது கேம். தவறானவரைச் சொன்னால் அவர் அங்கேயே சாகிறார். சரியானவராக இருந்தும், அவருடைய சொந்தப் பிரச்சினையை முன்பே தீர்த்து அவர் நம்பிக்கையைப் பெறாமல் விட்டிருந்தால், அவரோ மற்றொருவரோ சாகக்கூடும். அந்த எலும்புக்கூட்டைவிட அங்கே உங்களுக்குப் பரீட்சை வைப்பது உங்கள் சொந்தக் கப்பலின் ஆட்களே.

2019இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' இன்னும் ஒரு படி போய்ச் சண்டை என்ற அமைப்பையே வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அதில் ஒரு பாஸ் சண்டை உண்டு என்றுதான் சொல்வேன். விடுதி வாசலில் கூலிப்படையினர் மூவர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். கதாநாயகனான துப்பறிவாளர் சொற்களாலும் பகடையாலும் அந்த நிமிடங்களை ஓட்ட வேண்டும். எப்படி ஆடினாலும் இரத்தம் சிந்தாமல் முடியாது. எத்தனை பேர் சாகிறார்கள், கூட்டாளி கிம் கித்சுராகிக்குக் குண்டு படுமா என்பதில்தான் முந்தைய நாட்களின் உழைப்பு வந்து நிற்கிறது. சண்டையே இல்லாத கேமில் இவ்வளவு பதற்றம் இருக்க முடியும் என்றால், சுழல் துப்பாக்கி இல்லாமல் உச்சக்கட்டம் இல்லை என்று யாரும் இனிச் சொல்லக் கூடாது.

தேர்வைப் பறிப்பது எப்போதுமே தவறா என்றால், இல்லை. பறித்தது தெரியும்படி பறிக்க வேண்டும். டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' கேமில் ஒவ்வொரு மோதலிலும் நான்கு பொத்தான்கள் இருக்கும்: அடி, செயல், பொருள், இரக்கம். யாரையும் கொல்லாமல் முடிக்கலாம் என்பதே அந்த கேமின் பெருமை. இறுதியில் அரசன் அஸ்கோர் வருகிறான். சண்டை தொடங்கும் முன் அவன் தன் திரிசூலத்தால் இரக்கம் என்ற பொத்தானையே அடித்து உடைக்கிறான். திரையில் அது சில்லுகளாகச் சிதறுகிறது. இரண்டு கதாபாத்திரங்களுக்கு இடையிலான விஷயம், ஆட்டத்தின் கருவிப்பெட்டிக்குள் புகுந்துவிட்டது. அவன் உங்களைக் கொல்லவும் விரும்பவில்லை, பிழைக்கவும் விரும்பவில்லை. மன்னிக்கப்படும் வாய்ப்பைத் தானே அழித்துக்கொள்கிறான். சண்டை முழுக்கத் தலை குனிந்தே இருக்கிறான்.

அப்போதும் கேம் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. செயல் பொத்தானை அமுக்கி, சண்டை வேண்டாம் என்று அவனிடம் சொல்லிப் பார்க்கலாம். முதல் முறை கை லேசாக நடுங்கும். மூன்றாவது முறை அவன் தாக்குதலும் தடுப்பும் குறையும், அதற்குமேல் பேச்சால் பயனில்லை என்று அறிவிப்பு வரும். இன்னொன்றும் உண்டு. கேமின் தொடக்கத்தில், உங்களைத் தாயாக இருந்து பார்த்துக்கொள்ளும் டோரியல், நீங்கள் தூங்கும்போது அறையில் 'பை' (pie) என்ற இனிப்புப் பலகாரத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவாள். சிலர் வழியிலேயே தின்றுவிடுவார்கள். தின்னாமல் கடைசிவரை வைத்திருந்து அஸ்கோர் முன்னால் தின்றால், அந்த வாசனை அவனுக்கு எதையோ நினைவூட்டுகிறது; அவன் அடி தளர்கிறது. டோரியல் அவனை விட்டுப் பிரிந்துபோன மனைவி. உடைந்த பொத்தானுக்கு நடுவிலும் அந்தப் பலகாரம் செல்லுபடியாகிறது. ஹைலண்ட் பார்க் கூடத்தில் பாரெட் முன்னால் செல்லாமல் போனது இதுதான்.

ஈடோஸ் மான்ட்ரியால் பாடம் படித்துக்கொண்டது. 2016இல் வந்த 'மேன்கைண்ட் டிவைடட்' கேமில் பாஸ் ஒரே ஒருவன், விக்டர் மார்ச்சென்கோ. சுட்டு வீழ்த்தலாம், ஒளிந்து நெருங்கி உயிரோடு மடக்கலாம், வேறொரு பணியில் அவனை முடக்கும் கருவி கைக்கு வந்திருந்தால் அதை இயக்கிச் சண்டையையே தவிர்க்கலாம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கொஞ்சம் அதிக ஒழுங்கு என்றுகூடச் சொல்லலாம். அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது.

மிச்சம் வைத்த ஒரு முடிவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் உருவாக்கி 2011இல் வெளிவந்த 'தி விட்சர் 2'. தொடக்கத்தில் ஃபோல்டெஸ்ட் மன்னன் கொல்லப்படுகிறான், பழி கதாநாயகன் கெரால்ட்மேல் விழுகிறது. கொன்றவன் லெத்தோ. கெரால்ட்டைப் போலவே அவனும் ஒரு விட்சர், அதாவது கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடுகிறவன். முதல் அங்கத்தில் அவனோடு கட்டாயச் சண்டை உண்டு. கேம் முழுக்க அவனைத் தேடியே அலைகிறோம். கடைசியில் லாக் முயின் நகரம் எரிந்து ஓய்ந்த பிறகு, ஒரு வெறிச்சோடிய சதுக்கத்தில் லெத்தோ உட்கார்ந்து காத்திருக்கிறான். ஒரு வோட்கா புட்டியை எடுத்து வைக்கிறான்.

இருவரும் குடிக்கிறார்கள். ஏன் கொன்றான், யாருக்காகக் கொன்றான், கெரால்ட் மறந்துபோன பழைய நாட்களில் இருவருக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்கக் கேட்கச் சொல்கிறான். கடைசி அங்கத்தில் நீங்கள் கெரால்ட்டின் காதலியான மந்திரக்காரி டிரிஸ்ஸை மீட்கப் போகாமல் வேறு யாரையாவது மீட்கப் போயிருந்தால், அவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவன் இவன்தான் என்பதும் அங்கே தெரியவரும். கேள்விகள் தீர்ந்த பிறகு இரண்டு பதில்கள் மட்டும் மிஞ்சுகின்றன. எதற்கும் பேச்சுத்திறன் 100 தேவையில்லை, பகடையும் கிடையாது. வாளை உருவச் சொன்னால் உருவுகிறான், கடுமையாகவே சண்டை போடுகிறான். வேண்டாம் என்றால், எழுந்து, எரிந்த சுவர்களுக்கு நடுவே நடந்து போய்விடுகிறான். புட்டி அங்கேயே இருக்கிறது.